ஜாதகம் பார்த்தாயிற்று, விசா பார்த்தீர்களா?

2025 டிசம்பர் 15 முதல், எச்-1பி விசாவுக்கும் அதைச் சார்ந்த எச்-4 விசாவுக்கும் விண்ணப்பிப்பவர்களின் சமூக வலைதளக் கணக்குகளை அமெரிக்கா சோதிக்கத் தொடங்கியது. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், சென்னை உட்பட இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகங்களில் டிசம்பருக்குக் குறித்திருந்த நேர்காணல்கள் பல மாதங்கள் தள்ளிப்போயின. விடுமுறைக்கு ஊர் வந்த மென்பொருள் ஊழியர்கள் திரும்பிப் போக முடியாமல் தவித்த கதைகள் செய்தியாயின. அதே வரிசையில், வெளிநாட்டில் இருக்கும் துணையிடம் போய்ச் சேரக் காத்திருந்த மனைவியரும் கணவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு அதிகம் எழவில்லை.

வெளிநாட்டு வரன் வந்தால் தமிழ்க் குடும்பங்கள் சும்மா இருப்பதில்லை. மாப்பிள்ளைக்கு எந்தக் கம்பெனி, சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா வாடகையா, குடிப்பழக்கம் உண்டா என்று தூரத்து உறவினர்வரை போன் போட்டு விசாரிக்கிறார்கள். பெண் எந்த விசாவில் போகப்போகிறாள், அந்த விசாவில் வேலைக்குப் போகலாமா, மாப்பிள்ளைக்கு வேலை போனால் இவள் நிலை என்ன, மணவாழ்க்கை கசந்தால் எங்கே நிற்பாள் என்ற கேள்விகள் அந்த விசாரணையில் வருவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய அன்றாடத்தைத் தீர்மானிக்கப்போவது இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான்.

இது குடும்பங்களின் அறியாமை மட்டுமல்ல. வேலைக்காக வெளிநாடு போகிறவருக்குப் பயணத்துக்கு முந்தைய பயிற்சி தர அரசிடம் ஏற்பாடு இருக்கிறது. துணையாகப் போகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. கல்யாண ஆல்பம் கைக்கு வருவதற்குள் விமானம் ஏறிவிடும் அந்தப் பெண்ணிடம், அவளுடைய உரிமைகள் என்னவென்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

எச்-4: அந்த முதல் சில ஆண்டுகள்

எச்-1பி என்பது அமெரிக்க நிறுவனம் ஒன்று திறன்மிக்க ஊழியருக்குப் பெற்றுத்தரும் வேலை விசா. எச்-4 அவருடைய மனைவி அல்லது கணவருக்கும், 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் உரியது. எச்-4 விசாவில் போகிறவர் அமெரிக்காவில் வசிக்கலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. 2015 மே மாதம் ஒபாமா அரசு கொண்டுவந்த விதியின்படி, கணவருக்கு நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டு கேட்டு நிறுவனம் போட்ட ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, கிரீன் கார்டு நடைமுறை நிலுவையில் இருப்பதால் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி அவருடைய எச்-1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஈ.ஏ.டி. என்று எல்லோரும் சொல்வது இந்த அட்டையைத்தான். முதல் சில ஆண்டுகளில் இந்த அட்டையைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள், பெரும்பாலோர் பெண்கள்.

இந்த உரிமையும் நிம்மதியாகக் கைக்கு வந்ததல்ல. விதி நடைமுறைக்கு வரும் முன்பே, ‘சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ’ என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. டிரம்ப்பின் முதல் ஆட்சி விதியையே நீக்கப்போவதாக அறிவித்தது. பைடன் அரசு அந்த முயற்சியைக் கைவிட்டது. கீழ் நீதிமன்றம் 2023-லும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-லும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்தது. வழக்கு நடந்த அந்தப் பத்து ஆண்டுகளும், அட்டை வைத்திருந்த ஒவ்வொரு பெண்ணும் அடுத்த தீர்ப்பு என்ன சொல்லுமோ என்ற கவலையோடுதான் அலுவலகம் போய்வந்தாள்.

வழக்கு முடிந்த அதே மாதத்தில் வேறு கதவு மூடியது. அதுவரை, அட்டையைப் புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்து, எச்-4 அந்தஸ்தும் செல்லுபடியில் இருந்தால், புதிய அட்டை வரத் தாமதமானாலும் 540 நாட்கள்வரை வேலையில் தொடர முடிந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. பழைய அட்டையின் தேதி முடிந்து புதியது வராவிட்டால், மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், எந்தப் பொறுப்பில் இருந்தாலும் இதே விதிதான்.

ஆகவே எச்-1பி வரன் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உங்கள் ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டதா?” என்பதே. ஆம் என்றால், பெண் அங்கே போய் விண்ணப்பித்துச் சில மாதங்களில் வேலை தேடத் தொடங்கலாம். கம்பெனி இன்னும் கிரீன் கார்டு வேலையையே தொடங்கவில்லை என்றால், அந்தப் படிக்கு வந்துசேரவே சில ஆண்டுகள் ஆகும். சென்னையில் எட்டு ஆண்டு வேலை பார்த்த ஒரு பெண் பொறியாளருக்கு இந்த இரண்டு பதில்களும் இரண்டு வேறு வாழ்க்கைகள்.

கிரீன் கார்டே வந்துவிட்டால் கவலை இல்லையே என்று கேட்கலாம். வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான் உண்டு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது வரம்பு. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல ஆண்டுகள் நீண்டுகிடக்கிறது. அந்த வரிசையில் இருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகி, எச்-4 தகுதி போய்விடுகிற குடும்பங்களும் இருக்கின்றன.

அட்டை இல்லாத காலத்தின் சிறு சிக்கல்கள் வெளியில் தெரிவதில்லை. வேலை அனுமதி இல்லாவிட்டால் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது. அந்த எண் இல்லாமல் சொந்தப் பெயரில் கடன் வரலாற்றை உருவாக்குவது கடினம். ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் விசாக் காலத்தோடு சேர்ந்து காலாவதியாகும். பேருந்து வசதி குறைந்த அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்டத் தெரியாதவர் காய்கறிக் கடைக்குப் போகவும் கணவரின் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பல்லவி பானர்ஜி, அமெரிக்காவில் இத்தகைய இந்தியக் குடும்பங்களை நெருங்கிப் பார்த்து 2022-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் இரண்டு வகைக் குடும்பங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் கணவர் மென்பொருள் ஊழியர், மனைவி சார்பு விசாவில் வந்தவர். மற்றொன்றில் மனைவி செவிலியர், கணவர் சார்பு விசாவில் வந்தவர். படித்து, சம்பாதித்து, சொந்தக் காலில் நின்றவர்கள் ஒரு விசா முத்திரையால் வீட்டுக்குள் முடங்கும்போது, ஆணானாலும் பெண்ணானாலும் தன்மதிப்பு அடிவாங்குகிறது. செவிலியர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் தென் மாவட்டக் குடும்பங்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. மனைவியின் விசாவில் போகும் கணவருக்கும் முன்கூட்டியே நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கணவருக்கு வேலை போனால் என்ன ஆகும்? அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் அவருக்காக மனுப் போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது குடும்பத்தோடு நாடு திரும்ப வேண்டும். அவருடைய அந்தஸ்து போனால் மனைவியின் எச்-4-ம் போகிறது. ஈ.ஏ.டி. வைத்து அவள் நல்ல வேலையில் இருந்தாலும் இதுதான் நிலைமை.

சிங்கப்பூர் சம்பளக் கணக்கு

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிங்கப்பூரில் கணக்கு வேறு. அங்கே மனைவியை ‘டிபெண்டன்ட் பாஸ்’ எடுத்து அழைத்துக்கொள்ள, கணவருக்கு மாத நிலைச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். நடுத்தரத் திறனுள்ளவர்களுக்கான எஸ் பாஸில் வேலை பார்க்கும் ஊழியருக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. அதைவிட மேலான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கே 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளிதான். அதாவது, நல்ல பாஸில் இருக்கிறார் என்று நம்பிப் பெண் கொடுத்தாலும், மனைவியைக் கூட வைத்துக்கொள்ள அவருக்குத் தகுதி இல்லாமல் போகலாம். ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்களுக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வாய்ப்பே கிடையாது. அவர்களுடைய மனைவியருக்குத் திருமணம் என்பது ஆண்டில் ஒரு விடுமுறையும் தினமும் ஒரு வாட்ஸ்அப் அழைப்பும்.

டிபெண்டன்ட் பாஸில் போனவர் 2021 மே வரை ஓர் ஒப்புதல் கடிதத்தை வைத்தே வேலை பார்க்க முடிந்தது. இப்போது அவர் வேலைக்குப் போக வேண்டுமானால், தனியாகத் தகுதி பெற்று ஒரு வேலை பாஸ் எடுக்க வேண்டும். “அங்கே போனால் ஈசியா வேலை கிடைச்சிடும்” என்று பழைய நினைப்பில் சொல்லும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வளைகுடாவிலும் சம்பளம்தான் வாசல். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். கணவரின் பொறுப்பில் இருந்துகொண்டே மனைவி அங்கே வேலை அனுமதி பெற முடியும். இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. சவூதி அரேபியாவில் 2017-ல் தொடங்கிய சார்ந்தோர் கட்டணம் படிப்படியாக உயர்ந்து, 2020-ல் ஒரு தலைக்கு மாதம் 400 ரியால் ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ.

பிரிட்டன் முதல் ஜெர்மனி வரை

பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்வது 2024 மார்ச் 11 முதல் புதிதாக வருபவர்களுக்கு நிறுத்தப்பட்டது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர் தன் துணையை அழைக்கத் தேவைப்படும் ஆண்டு வருமானம், ஒரு மாதம் கழித்து 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. கனடாவில் மாணவர்களின் துணைவருக்கும் ஊழியர்களின் துணைவருக்கும் கிடைத்துவந்த திறந்த வேலை அனுமதி 2025 ஜனவரியில் குறிப்பிட்ட படிப்புகளுக்கும் தொழில்களுக்கும் மட்டும் என்று சுருங்கியது. “கனடாவில் படிக்கிற மாப்பிள்ளை, பெண்ணும் போய் வேலை பார்க்கலாம்” என்ற தரகர் வாக்கு இன்று எல்லோருக்கும் பொருந்தாது.

கனடாவின் இன்னொரு அனுபவம் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2012-ல் அந்த நாடு, துணைவரால் அழைக்கப்பட்டு வருபவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டு அவரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வசிப்புரிமை நிலைக்கும் என்று நிபந்தனை போட்டது. போலித் திருமணங்களைத் தடுக்க வந்த விதி, அடி உதை பட்டாலும் வீட்டை விட்டு வெளியேற முடியாத நிலைக்குப் பெண்களைத் தள்ளுகிறது என்று மகளிர் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்தன. 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஒரு விசா விதி ஒரு வீட்டுக்குள் யாருக்குக் கை ஓங்கும் என்பதையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஜெர்மனி வேறு வழியில் போகிறது. ‘ஐரோப்பிய நீல அட்டை’ என்ற வேலை அனுமதி பெற்றவர்களின் துணைவர் போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே துணைவராகப் போகிறவர் கிளம்பும் முன்பே ஏ-1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் உள்ள கோத்தே நிலையங்களில் இதற்காகப் படிப்பவர்களில் புதுமணப் பெண்களும் உண்டு. சுமையாகத் தோன்றும். ஆனால் போய் இறங்கியதும் துணைவருக்கு வேலை பார்க்கும் உரிமை உண்டு; 600 மணி நேர மொழிப் பாடமும் 100 மணி நேர நாட்டறிமுகப் பாடமும் கொண்ட ஒருங்கிணைப்பு வகுப்பும் இருக்கிறது. வந்தவர் வீட்டுக்குள் அடைந்துவிடக் கூடாது என்ற அக்கறை அந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

கசந்தால் எந்த ஊர் நீதிமன்றம்?

1975-ல் திருப்பதியில் திருமணம் செய்துகொண்ட ஒருவர், பின்னர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்று மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி விடவில்லை. ஒய்.நரசிம்ம ராவ் வழக்கு என்று அறியப்படும் அதில் இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்புச் சொன்னது: தம்பதியர் மணந்துகொண்ட சட்டம் ஏற்காத காரணத்தைக் கொண்டோ, மனைவி மனமொப்பி அந்த நீதிமன்றத்துக்கு உட்படாத நிலையிலோ வெளிநாட்டில் பெறப்படும் விவாகரத்து இங்கே செல்லாது.

மூன்று ஆண்டு கழித்து நீரஜா சராஃப் வழக்கு வந்தது. அமெரிக்க மாப்பிள்ளையை மணந்த பெண், அவரிடம் போய்ச் சேர்வதற்காக இங்கிருந்த வேலையை ராஜினாமா செய்தார். விமான டிக்கெட்டுக்குப் பதிலாக, திருமணத்தை ரத்து செய்யும் அமெரிக்க நீதிமன்றத்தின் தாள்கள் வந்தன. வெளிநாட்டு இந்தியரை மணக்கும் பெண்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொன்னது. 2019-ல் இதற்கொரு மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-வது அறிக்கையில் கட்டாயப் பதிவு, பாஸ்போர்ட்டில் திருமண விவரம் என்று விரிவான பரிந்துரைகளைத் தந்தது. உச்ச நீதிமன்றம் கேட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சட்டம் வரவில்லை. இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல.

அங்கேயே துன்பப்படுகிறவர்களுக்கும் வழிகள் உண்டு. அவை தெரிய வேண்டும். கணவரின் கொடுமைக்கு உள்ளான எச்-4 பெண், அவருடைய கையெழுத்து இல்லாமலே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க 2017 முதல் அமெரிக்காவில் நடைமுறை இருக்கிறது. இந்தியாவில் தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாட்டு இந்தியர் பிரிவு 2009 முதல் இத்தகைய புகார்களை வாங்குகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

திருமணத்தை உடனே பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாட்களுக்குள் பதிவு கட்டாயம். கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. விசாவுக்குத் தேவை என்பதற்காக மட்டுமல்ல, பின்னால் வழக்கு என்று வந்தாலும் அந்தச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம். அதன் அசல் பிரதி ஒன்று பெண்ணின் பெற்றோரிடம் இருக்கட்டும். பல நாடுகளுக்கு, சான்றிதழ் உண்மையானது என்று உறுதிசெய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகத்துக்குத் தூதரக அத்தாட்சியும் வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. இனிஷியலோடு வாழ்ந்துவிட்டு பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு போனால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு ஓட்டுநர் உரிமம் முதல் வங்கிக் கணக்குவரை அது தொடரும். அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவே மறுக்கத் தொடங்கியது. தந்தை பெயரை விரித்துச் சேர்ப்பதை விசா விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கணவர் பெயரைத்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கல்லூரி மதிப்பெண் பட்டியல்களோடு, பல்கலைக்கழகம் உறையிட்டு முத்திரை வைத்துத் தரும் ட்ரான்ஸ்கிரிப்டையும் கூடுதல் பிரதிகளோடு வாங்கிவிட வேண்டும். அங்கே மேற்படிப்பு, செவிலியர் உரிமம், ஆசிரியர் தகுதி எதற்கும் அதைத்தான் கேட்பார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை வரவழைக்க ஊரில் யாராவது பலமுறை அலைய வேண்டியிருக்கும். கார் ஓட்டவும் இங்கேயே கற்றுக்கொண்டு போகலாம். பாஸ்போர்ட், சான்றிதழ்கள், சொந்தப் பெயரில் கொஞ்சம் பணம் ஆகிய மூன்றும் அவள் கையிலேயே இருக்க வேண்டும். “பத்திரமா வெச்சிருக்கோம்” என்று யார் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

இருக்கும் வேலையை விசா முத்திரை விழும்வரை விட வேண்டாம். 2025 டிசம்பரில் நேர்காணல் தள்ளிப்போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். சம்பளமில்லா விடுப்போ, வீட்டிலிருந்து வேலையோ கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக ராஜினாமாவை யோசிக்கலாம்.

அரசு தொடங்க வேண்டிய இடம்

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறையும் நல வாரியமும் உண்டு. ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை அனுப்பிய நீண்ட அனுபவம் இருக்கிறது. இவை சேர்ந்து, துணைவராகப் போகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியை மாவட்டந்தோறும் நடத்த முடியும். அந்தந்த நாட்டு விசா விதி, வேலை உரிமை, அவசரத் தொடர்பு, சட்ட உதவி ஆகியவற்றை நாடுவாரியாகத் தமிழில் அச்சிட்டு, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வெளியிட வேண்டும். பழைய கையேடு இல்லாத கையேட்டைவிட ஆபத்தானது.

பல்கலைக்கழகங்கள் ட்ரான்ஸ்கிரிப்டுக்கான விண்ணப்பத்தை இணையம் வழியாகவே பெற்று, குறித்த நாட்களுக்குள் அதை நேராக வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும்படி உயர் கல்வித் துறை காலக்கெடு விதிக்கலாம். ஒன்றிய அரசு, வர்த்தகப் பேச்சுகளில் ஊழியர்களின் விசாவுக்காகப் பேசும்போதெல்லாம் அவர்களுடைய துணைவரின் வேலை உரிமையையும் அதே மேசையில் வைக்க வேண்டும். சட்ட ஆணையத்தின் 287-வது அறிக்கையை நாடாளுமன்றத்துக்கு மசோதாவாகக் கொண்டுவருவதும் அதன் கையில்தான் இருக்கிறது.

உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று, பெரிய செலவில்லாதது. எல்லாத் திருமணங்களும் பதிவாக வேண்டிய இடம் சார் பதிவாளர் அலுவலகம். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாக விண்ணப்பத்தில் தெரிந்தால், அந்த நாட்டுக்கான கையேட்டையும், வெளிநாட்டு முகவரி, நிறுவனத்தின் பெயர், விசா வகை ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடும் ஒரு பக்கப் படிவத்தையும் பதிவாளர் அங்கேயே தரலாம். அதன் ஒரு பிரதி பெண்ணிடமும் மற்றொன்று அலுவலகத்திலும் இருக்கும். பதிவுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வரும் முகூர்த்த மாதத்திலேயே இது நடைமுறைக்கு வந்துவிடும்.